அரக்குச் சேலையும் அடம்பிடிக்கும் இண்டியமும்

இன்று மதியம் சங்கரன்கோவில் ஜவுளிக்கடையில்...

அக்கா கல்யாணத்துக்கு அம்மா எடுத்த அரக்குச் சேலையை மாற்றப் போயிருந்தோம். நேற்று பொழுது சாய்ந்தபிறகு கடை லைட்டில் பார்த்து எடுத்தது. காலையில் வெயிலில் விரித்தால் தக்காளிச் சிவப்பு!

கடைக்கார அண்ணாச்சி வேறொன்றை எடுத்துப் போட்டார். அம்மா அது காப்பிப்பொடி நிறம் என்றாள். அண்ணாச்சி சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயில் பட்டதும் அசல் அரக்கு.

வெளுத்ததெல்லாம் பாலல்ல. இந்த வெள்ளை எல்.இ.டி. லைட்டுக்குள் இருப்பது நீல ஒளி தரும் துண்டு. மேலே மஞ்சள் பூச்சு. சிவப்பு ரொம்பக் குறைவு, அதனால்தான் தக்காளி அரக்காகவும் அரக்கு காப்பிப்பொடியாகவும் தெரிகிறது.

(கேட்காமலே அம்மாவுக்கு விளக்கினேன். ஆராய்ச்சி மாணவிகளுக்கு உள்ள வியாதி.)

"செவப்பச் சரியாக் காட்டுத லைட்டே கெடையாதாட்டி?"

இருக்கிறது, அதற்கு வேறு பூச்சு வேண்டும் என்றேன். பூச்சே இல்லாமல் தானாகச் சிவப்பாக எரியும் பொருளைத்தான் நான் செய்யப் பார்க்கிறேன். அந்த நீலத் துண்டின் மூலப்பொருளான காலியம் நைட்ரைடில் இண்டியம் என்ற உலோகத்தைக் கலக்கக் கலக்க நீலம் பச்சையாகும், பிறகு சிவப்பாகும். ஆனால் இண்டியம் கூடினால் படிகம் கெட்டு வெளிச்சமே மங்கிவிடும். என் சாம்பிள்கள் எல்லாம் அப்படித்தான் மங்கிக் கிடக்கின்றன.

சிவப்பை விட்டுவிட்டுப் பச்சைக்கு மாறு, சீக்கிரம் பட்டம் வாங்கலாம் என்று கைடு சொல்லியிருந்தார். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். 'சரி சார்' என்று போனில் டைப் செய்தே வைத்திருந்தேன். அனுப்பத்தான் மனசு வரவில்லை.

"செவப்பு வர மாட்டேங்குதும்மா. விட்டுரலாம்னு பாக்கேன்."

அம்மா சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒரு செவப்புச் சேலைக்கு நானே ரெண்டு தடவ பஸ் ஏறி வந்திருக்கேன். படிச்சவ நீ விடப்போறியா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அம்மா மேல் இல்லை, என் மேல்.

ஊருக்குத் திரும்பக் கரிவலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் 'சரி சார்' என்பதை அழித்தேன். 'சிவப்பிலேயே தொடர்கிறேன் சார்' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: 'நன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்தாயா?'

'வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலிலேயே பார்த்துவிட்டேன் சார்.'

(அவருக்குப் புரிந்திருக்காது. சேலை எடுக்கிற உங்களுக்குப் புரியும்!)