தீர்மானத்தோடு தைத்து அனுப்பிய பட்டியல்

எங்கள் பஞ்சாயத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த முகம்மது இஸ்மாயில் பாய் ஒரு நாளும் வலையைத் தொட்டதில்லை. படகில் ஏறினாலே வாந்திதான். ஆனால் பழவேற்காடு ஏரியை அவரைப்போல் காப்பாற்றியவன் எவனாவது இருந்தால் என் முன்னால் வரட்டும்.

எண்பத்தேழாம் வருஷம். வெளிநாட்டில் ஏரிகளைப் பற்றி ஏதோ மாநாடாம். அங்கே நம் நாடு கொடுக்கப்போகும் அறிக்கைக்காகப் பஞ்சாயத்துத் தீர்மானம் கேட்டுச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பறவைகள் பிழைக்க ஏரியில் மீன்பிடிப்பை நிறுத்தச் சம்மதம் என்று நாலு வரி எழுதி, முத்திரை குத்தித் தரச் சொன்னார். எங்கள் பிழைப்பு போச்சு என்று அங்கே நின்ற மீனவர்கள் நாங்கள் முணுமுணுத்தோம். தலைவர் முத்திரையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பாய்தான் கேட்டார். "பறவை இன்னிக்கு நேத்தா வருது சார்? அதுவும் கீது, இவங்களும் கீறாங்க. அத எழுதட்டுமா?"

எழுதுங்கள், யார் படிக்கப்போகிறார்கள் என்று சிரித்தார் அதிகாரி.

பாய் எழுதினார். அதோடு விட்டாரா? எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி எழுதி வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். ஏரியைப் பற்றிய காகிதம் எதுவானாலும் பாடு பட்டியல் இல்லாமல் எங்கள் ஊரைத் தாண்டாது. அந்தப் பழக்கத்தில் பதினோரு பக்கப் பட்டியலையும் சேர்த்துத் தைத்து அனுப்பிவிட்டார் மனுஷன். கல்யாணப் பத்திரிகையோடு ரேஷன் கார்டை அனுப்புவாரா பாய் என்று ஒன்றிய ஆபீஸில் கிண்டல் செய்தார்களாம். ஊர் மானத்தை வாங்கிவிட்டாரே என்று எனக்கும் அவர் மேல் கோபம்தான்.

பிரிக்கச் சோம்பல்பட்டு அதை அப்படியே டெல்லிக்குத் தள்ளியிருக்கிறார்கள். டெல்லி மாநாட்டுக்குத் தள்ளியது. அங்கே யாரோ ஒரு மகராசன் தமிழ் தெரிந்தவரைப் பிடித்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் ஏரியில் ஏதாவது ஓரிடம் வலை விழாமல் கிடக்கிறது, பறவை அங்கே மேய்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுவருஷம் வந்த கடிதத்தைப் பாய் எங்களுக்குப் படித்துக் காட்டினார். இப்படி முறை வைத்துப் பிடிக்கிறவர்களை ஏரியைவிட்டு எழுப்பக் கூடாது என்று மாநாட்டுத் தீர்மானத்தில் ஒரு வரி ஏறியிருந்தது. நாடு நாடாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சொல்லும்போதே இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பாடு எங்கள் மீனவக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. வெளியார் பெயர் அதுவரை ஏறியதே இல்லை. அந்த வருஷம் சீட்டுக் குலுக்கியபோது, வழக்கம்போல் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தது பாய்தான். நான் ஒரு சீட்டைப் பிரித்து அவருடைய பெயரையே படித்தேன். பேனா நின்றது.

"தருமா, எனக்கு வலை போடத் தெரியாதேப்பா."

"வலைய நாங்க போடறோம் பாய். நீங்க பேர எழுதுங்க."

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். கோணல்மாணலாக நான்தான் எழுதினேன்.