காய்ச்சல் என்று நான் எழுதினேன்

வாக்காளர் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். அதன் மீது வந்த ஆட்சேபனைகளுக்கு எண் போட்டுக் கோப்பில் வைத்ததும் நான்தான். பதினோராவது ஆட்சேபனையை வாசித்தபோது என் கை எண் போடாமல் நின்றுவிட்டது.

கொட்டாஞ்சேனையில், தேயிலையைப் பொதி செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியின் ஸ்டோர்ஸ் கந்தோரில் அப்போது எனக்கு வேலை. இருந்தது வெள்ளவத்தையில், ஒரு மேல்மாடி அனெக்ஸில். நானும் கணவரும் இரண்டு வயதுப் பிள்ளையும். கந்தோரில் மூன்று மொழியும் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், தொழிற்சங்கக் கிளையின் எழுத்து வேலையும் என் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அந்த முறை கிளைத் தேர்தலில் பழைய செயலாளரை எதிர்த்து லொறிப் பகுதிக்காரர் ஒருவர் நின்றார். இருவரும் சிங்களவர்கள். பொதி செய்யும் பெண்களின் வாக்கு எப்போதும் பழையவருக்கே விழும். ஆகவே லொறிப் பகுதிக்காரர் கொடுத்த ஆட்சேபனைகளில் பெரும்பாலானவை அந்தப் பெண்களின் பெயர்கள் மீதுதான். சங்க விதி இதுதான்: தேர்தலுக்கு முன் ஒரு வருடம் இடைவிடாத அங்கத்துவம் இல்லாதவர் வாக்களிக்க முடியாது.

பதினோராவது பெயர் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. பொதிப் பகுதியில் எட்டு வருடம் அதே வாங்கில் இருந்து வேலை செய்தவள். ஆனால் கம்பனிப் பதிவில் அவள் ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த புது ஆள். அவளைப் புது ஆளாக்கியது என்னுடைய ஒரு சொல்.

கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த கிழமையில், அவள் தங்கியிருந்த போர்டிங்கைப் பொலிஸார் சுற்றிவளைத்து எல்லாரையும் கொண்டுபோனார்கள். மற்றவர்களை அன்று மாலையே விட்டார்கள். அடையாள அட்டையில் அவளுடைய படம் மங்கிப்போயிருந்ததாம். அவளை மட்டும் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாளே அவள் ஒரு கடிதம் கொடுத்துவிட்டிருந்தாள். தன்னைப் பொலிசில் வைத்திருக்கிறார்கள், தான் ஒரு குற்றமும் செய்யவில்லை, வேலையைத் தனக்காக வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தமிழில் வரும் கடிதத்தின் மேல் சிங்களப் பிரதி ஒன்றைக் குத்தி, மொழிபெயர்த்தவர் கையெழுத்து வைத்து மனேஜருக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அவர் மேல் தாளை மட்டும்தான் பார்ப்பார். நான் பொலிஸ் என்று எழுதவில்லை. கடும் காய்ச்சல் என்று எழுதினேன். பொலிஸ் என்ற சொல்லைக் கண்டால் அன்றைக்கே அவளை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தச் சொல்லுக்குக் கீழே என் பெயர் இருப்பதையும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

அவள் விடுதலைத் துண்டோடு திரும்பி வந்தபோது நான் கந்தோரில் இல்லை. பிள்ளைக்கு இழுப்பு, ஆஸ்பத்திரியில் நின்றேன். கடிதம் காய்ச்சல் என்கிறது, துண்டு பொலிஸ் என்கிறது, எது பொய் என்று மனேஜர் கேட்டாராம். வேலையை விட்டுப் போனவள் என்று பதிந்துவிட்டு, மறுநாள் புதிதாக எடுத்தார்கள். நான் திரும்பியபோது அவள் பழையபடி தலை குனிந்து பொதி ஒட்டிக்கொண்டிருந்தாள். வேலையாவது இருக்கிறதே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளிடம் போய்ப் பேசவில்லை.

இப்போது பொதிப் பகுதியில் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட்டது. கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியே. சங்கமே அவளைப் புது ஆள் என்று வெட்டிவிட்டால், அந்த எட்டு வருடத்துக்காக வாய் திறக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

பட்டியலை ஒட்டிய அன்று அவள் என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், என் பேருக்கு நேரா சிவப்புக் கோடு போட்டிருக்கு. காய்ச்சல்னு நான் எழுதவே இல்லையே மிஸ். யாரு எழுதினது?"

விசாரணையில் எல்லாம் பார்ப்பார்கள் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"நீர் வாயைத் திறக்காதேயும். பொலிஸ் பிடிச்ச ஆளை மறைச்சவ எண்டு ஒருத்தன் எழுதிப்போட்டால் காணும். பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"அவவின்ர வேலை போகுமப்பா."

"பொலிஸ் எங்கட வீட்டுக்கு வந்தால்?"

அவர் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் கொடுக்கும் பதிவை அதற்கு முந்தின மாதம்தான் புதுப்பித்திருந்தோம்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்த பிறகு கன்டீனில் நடந்தது. தலைமைச் சங்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் பழைய செயலாளர், மறுபக்கம் லொறிப் பகுதிக்காரர். குறிப்பு எழுத நான். முதல் பத்தும் வேகமாகப் போயின. சுப்பவைசராகிவிட்ட ஒருவரை வெட்டினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒருவரின் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர் போன தேர்தலுக்கும் நேரத்தோடு வந்து வாக்குப் போட்டவர் என்று பின்னால் யாரோ சிங்களத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கீழ்வீட்டு அன்ரியிடம் ஆறு மணிக்கு வருவேன் என்று சொல்லிப் பிள்ளையை விட்டிருந்தேன். மணி ஆறைத் தாண்டியிருந்தது.

பதினோராவது பெயர் வந்தது. பெரியவர் கம்பனிக் கோப்பிலிருந்த சிங்களப் பிரதியை வாசித்துவிட்டு, மூலக் கடிதம் எங்கே என்று கேட்டார். அடியில் குத்தியிருந்தது. அவர் அதைப் பிரித்து, தங்கச்சி என்று சிங்களத்தில் அழைத்து என் பக்கம் நீட்டினார்.

"நங்கி, இதில் என்ன இருக்கிறது என்று வாசியுங்கள்."

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டுந்தான். மறுபடியும் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். வாங்கின் நுனியில் அவள் இருந்தாள், மடியில் ஒரு பொலித்தீன் பையில் விடுதலைத் துண்டு. நான் வாசிக்கப்போவதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவளுக்குச் சிங்களம் தெரியும். அவள் அங்கே இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளபடி வாசித்தேன்.

"அப்ப இந்தக் கையெழுத்து யாருடையது?" என்று லொறிப் பகுதிக்காரர் கேட்டார்.

"என்னுடையது."

"ஏன் மாற்றி எழுதினீர்கள்?"

பயத்தில், என்றேன். யாருக்காகப் பயந்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"மிஸ்ஸின் மொழிபெயர்ப்பை நம்பி, வேலைக்கு வராமல் நின்ற இன்னும் நாலு பேரின் பெயர் பட்டியலில் நிற்கிறது. அதுகளும் காய்ச்சல்தானா?"

இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பெரியவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாலில் மூன்று உள்ளபடி எழுதியவை. நாலாவது மூட்டை தூக்கும் ஒருவருடையது. திரும்பி வரப் பிரயாணப் பாஸ் கிடைக்காமல் வவுனியாவில் ஒரு மாதம் மறிபட்டு நின்றதாக அவர் எழுதியிருந்தார். தாயாரின் இறுதிச்சடங்கு என்று நான் எழுதியிருந்தேன். அவர் அங்கே இல்லை. அவரைக் கேட்காமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா, சொல்லாமல் விட உரிமை உண்டா என்று யோசிக்க எனக்கு நேரம் தரப்படவில்லை.

"நாலும் சரி" என்றேன்.

பெரியவர் எழுதிக்கொண்டார். பிறகு முடிவைச் சொன்னார். கடிதம் மூன்றாம் நாளே வந்திருக்கிறது, துண்டு உண்மையானது, தடுத்து வைக்கப்பட்டதால் அங்கத்துவம் அறுந்துபோகாது. பெயர் இருக்கட்டும். கிளையின் எழுத்து வேலையை மட்டும் இனி வேறு யாரிடமாவது கொடுங்கள்.

பழைய செயலாளர் கடதாசிகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், தன்னிடமாவது முதலே சொல்லியிருக்கலாம் என்றார்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் அவள் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திவிட்டாள்.

"எட்டு வருசமும் நின்னுருச்சு மிஸ். ஆனா ஸ்டோர்ஸ்ல அத்தன பேருக்கும் தெரிஞ்சு போச்சு. போர்டிங்ல இருக்கிறதுல ரெண்டு பேரு இங்கதான் வேல. நாளைக்குப் போர்டிங்காரம்மா என்ன சொல்லுவாங்களோ."

எங்கள் வீட்டுக்கு வா என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பதிவுப் பத்திரத்தில் மூன்று பெயருக்கு மேல் எழுதவில்லையே என்ற நினைப்புத்தான் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வாக்களிப்பு அடுத்த கிழமை. அதற்குள் அவள் வேறு இடம் மாறியிருந்தாள்; எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. அன்று நான் மேசைப் பக்கம் இல்லை, மற்றவர்களைப் போல வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூட்டை தூக்கும் அந்த மனிதர் நின்றார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்கும் முன்னால் அவள். பெயரைக் கூப்பிட்டார்கள். லொறிப் பகுதிக்காரரின் ஆள் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அவளைப் போக விட்டார். அவள் சீலைத் துணி கட்டிய மறைப்புக்குள் போனாள். வெளியே வர வெகு நேரம் எடுத்தது. உள்ளே என்ன, கட்டுரையா எழுதுகிறாள் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். அவள் வந்து, மடித்த தாளைப் பெட்டியில் போட்டு, அது உள்ளே விழும்வரை விரலால் தள்ளினாள். பிறகு அந்த மனிதரின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று, பட்டியலில் இறங்கும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.