உடைய மறுத்த போல்ட்டு

பொறியியல் பட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு போல்ட்டைப் பலப்படுத்தி ஒரு மெஷினை உடைத்தவன் நான். மட்டமான போல்ட்டால் உடைந்தது என்றால் கடைக்காரனைத் திட்டிவிட்டுப் போகலாம். நல்ல போல்ட்டால் உடைத்ததை வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

படித்தது கட்டுமானம். பிழைத்தது வங்கியில். என் படிப்பால் எந்தப் பாலமும் நிற்கவில்லை. அதே காரணத்தால் எந்தப் பாலமும் விழவில்லை. இந்த ஆறுதலோடு ஐம்பத்து மூன்று வயது வரை வந்துவிட்டேன்.

போடிமெட்டுக்கு மேலே என் தங்கைக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். அந்த வருஷத்தின் பெரிய காய் எடுப்பு நடக்கும் நேரம் பார்த்து, தேவாரத்தில் சம்பந்தி வீட்டு விசேஷம் வந்தது. மூன்று நாள் பார்த்துக்கொள் என்று என்னை மேலே ஏற்றிவிட்டாள். ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: பறித்த காயை அன்றைக்கே அலசி ஸ்டோரில், அதாவது விறகுச் சூட்டில் உலர்த்தும் அறையில், பரப்பிவிட வேண்டும். ஒரு ராத்திரி சாக்கில் கிடந்தால் பச்சை நிறம் போய்விடும். பச்சை போனால் அவளுடைய வருஷமே போனது போலத்தான்.

அலசுவதற்கு ஒரு மெஷின். மோட்டார், அடுத்து கியர் பெட்டி, அடுத்து காயைப் போட்டு உருட்டும் நீளமான டிரம். கியர் பெட்டியின் தண்டில் ஒரு வட்டத் தட்டு, டிரம்மின் தண்டில் ஒரு வட்டத் தட்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது சுண்டுவிரல் கனத்தில் ஒரே ஒரு போல்ட்டு. முதல் நாளே அது இரண்டு முறை உடைந்தது. காயோடு வந்த குச்சி ஒரு தடவை, கல் ஒரு தடவை. சுவரில் தொங்கிய பால்பவுடர் டப்பாவில் அதே ரகப் போல்ட்டுகள் நிறையக் கிடந்தன. மூடியில் தங்கையின் கையெழுத்து: ‘உடைஞ்சா இதையே போடு.’ நோயைக் குணப்படுத்தாமல் மாத்திரையை மட்டும் கிலோக்கணக்கில் வாங்கி வைத்திருக்கிறாளே என்று பரிதாபப்பட்டேன்.

உடைந்த துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அங்கேதான் வினை தொடங்கியது. உடைந்த முகம் மழுமழுவென்று, வாழைத்தண்டைக் கத்தியால் நறுக்கியது போல இருந்தது. இழுத்து அறுந்ததுமில்லை, வளைந்து முறிந்ததுமில்லை. ஒரு தட்டு இந்தப் பக்கம் தள்ள, மறு தட்டு அந்தப் பக்கம் நிற்க, நடுவில் மாட்டிய போல்ட்டு கத்தரிக்கோலில் அகப்பட்ட நூலைப் போலக் குறுக்கே வெட்டுப்பட்டிருந்தது. வெட்டு வலிமை! முப்பது வருஷத்துக்கு முன் அந்தப் பாடத்தில் இரண்டு தடவை தேறாமல் போனவன் நான். இன்றைக்கு அது கைக்கு அடக்கமாக, எண்ணெய் நாற்றத்தோடு வந்து நிற்கிறது. உத்தரங்கள் நடுவில் வளைந்து முறியும் என்று மட்டுமே எல்லோரும் பயப்படுகிறோம். தாங்கும் சுவரை ஒட்டிய இடத்தில் அவை இப்படிக் குறுக்கே வெட்டுப்பட்டும் போகலாம் என்று பேராசிரியர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. அவர் அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்பது ஞாபகம் வரவில்லை.

மத்தியானமே ஜீப்பில் போடிக்கு இறங்கி, லாரிக்குப் போடும் கடினமான போல்ட்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். தங்கைக்குச் செய்த பெரிய உபகாரம் என்றே நினைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு ஒரு வேர்க்கட்டை டிரம்முக்குள் போய் மாட்டியது. போல்ட்டு அசையவில்லை. எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடி கியர் பெட்டிக்குள் ‘கடக்’கென்று ஒரு சத்தம். மோட்டார் ஓடியது, டிரம் ஓடவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே சக்கரத்தில் வரிசையாக ஐந்து பல் காணோம். வெளியே பதினோரு சாக்குப் பச்சைக்காய். நாலு மணிக்கு ஆட்களை இறக்கும் ஜீப்பு கிளம்பிவிடும்.

காய் பறிக்கும் பெண்களுக்கு மூத்தவர் சிலமலை ஊர்க்கார அம்மா. எட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாயை விரித்துக் கையாலேயே அலசச் சொன்னார். வேறு டிரிப் இருக்கிறது என்று ஹாரன் அடித்த ஜீப்புக்காரரிடம் சொன்னார்:

“மாப்ளே, அலசி முடிக்காம இங்க ஒருத்தியும் ஏற மாட்டா. வெறும் ஜீப்ப உருட்டிட்டுப் போறதுன்னா வெரசாப் போ.”

ஜீப்புக்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி உட்கார்ந்தார். நானோ கழற்றிய போல்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. பல் போயிருக்கிறது, இது மட்டும் எப்படித் தப்பியது என்று யோசனை.

“சார், அதக் கீழ வச்சிட்டு இந்தச் சாக்கோட மறு முனையப் பிடிங்க” என்றார் அந்த அம்மா.

பிடித்தேன். இருட்டுவதற்குள் கடைசிச் சாக்கும் ஸ்டோருக்குள் போனது.

அடுத்த நாள் மத்தியானம் தங்கை வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே ஸ்டோருக்குள் போய் ஒரு கை காயை அள்ளி வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சை. அதற்குப் பிறகுதான் மூச்சுவிட்டாள், அதற்கும் பிறகுதான் கியர் பெட்டியைப் பார்த்தாள்.

இருவருமாக அதைப் போடியில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் என் போல்ட்டையும் டப்பாப் போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டப்பாப் போல்ட்டைத் தொட்டுக் காட்டினார்.

“மாட்டிக்கிட்டா ஏதாச்சும் ஒண்ணு ஒடஞ்சுதான சார் ஆகணும். இது ஒடஞ்சா அஞ்சு நிமிசச் சோலி. அதுக்குன்னே மெதுவான இரும்பாப் பாத்துப் போடுறது. நீங்க இத ஒடைய விடல, அந்த அடி பல்லுல எறங்கிருச்சு.”

அசந்துபோனேன். பலம் எங்கே வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் பொறியியல் என்று நினைத்திருந்தேன். பலவீனத்தையும் இடம் பார்த்து, அளவு பார்த்து வைக்கிறார்கள்! பேராசிரியர் அதற்குப் பிறகு சொன்னது இதுவாகத்தான் இருந்திருக்கும். திரும்பும் ஜீப்பில் வளைவுக்கு வளைவு இதைத் தங்கைக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். முடிவில், இவ்வளவு முக்கியமான சங்கதியை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்றும் குறைபட்டுக்கொண்டேன்.

“டப்பா மூடியில எழுதித்தான வச்சிருந்தேன்” என்றாள். “ஊர்ல உள்ள பொஸ்தகமெல்லாம் படிக்கிற ஆளு, மூணு வார்த்த படிக்க மாட்டியான்னு நெனச்சேன்ணே.”