கனகராஜ் சம்பந்தி வாங்குன புதுப் பைப்பு

எங்க சம்பந்தி கனகராஜ் ஊட்ல புதுசுன்னு ஒரு சாமான் கெடையாது. பேரணாம்பட்டு பக்கம் தோல் பதம் பண்ற ஒரு ஷாப்புல ரொம்ப வருஷம் லாரி ஓட்டுனவரு. ஷாப்ப மூடுனப்ப எல்லாரும் பையத் தூக்கினு ஊட்டுக்குப் போனாங்க. இவரு மட்டும் காயலான் சாமான வண்டில ஏத்திக்கினு போனாரு. தோல இழுத்து மாட்டிக் காய வெக்கிற ஓட்ட ஓட்டயான இரும்பு ஃபிரேமுதான் அவரு ஊட்டு ஜன்னலு. தோலப் போட்டு உருட்ற பெரிய மர டிரம்மு இருக்கும்ல, அதோட கதவுதான் கெணத்து மூடி. எம் பொண்ணு பூங்குழலி கல்யாணத்துக்கு பந்தி போட்ட பலகையும் அங்கத்து பலகதான். மோர் ஊத்தறப்ப தோல் வாசன வந்துச்சுன்னு எஞ்சம்சாரம் பூங்காவனம் இன்னிக்கும் சொல்லுவா. எனக்கு வரல. நானும் ஷாப்புல வேல செஞ்சவன், எனக்கு எங்க வரப்போவுது.

மத்தபடி நல்ல மனுஷன். ஒடுகத்தூர் தாண்டி மலை மேல ஊரு. அங்க ரோடுன்னு சொல்றது பாறயத்தான். அதுல ஒரு பழைய ஜீப்ப ஓட்டறாரு. சந்தைக்குப் போறவங்க, ஆசுபத்திரிக்குப் போறவங்க எல்லாருக்கும் அந்த ஜீப்புதான்.

இந்த வருஷம் எங்க ரெண்டு பேருக்கும் பேத்தி பொறந்துச்சு. கணியம்பாடில எங்க ஊட்லதான் பொண்ணும் கொழந்தயும் இருந்தாங்க. பாப்பா கொட்டாவி உடற அழகு இருக்குதே, அத சொல்ல ஆரம்பிச்சா ஜீப்பு கத நின்னு பூடும். அதனால சொல்லல.

மூணாம் மாசம் கொழந்தய அப்பா ஊட்டுக்கு அனுப்பணும். ஆனி முடியப் போவுது, அடுத்தது ஆடி. ஆடில மொத மொதல்ல கொழந்தய அனுப்பற பழக்கம் எங்கள்ல கெடையாது. ஆனிய உட்டா ஆவணிதான்.

அந்த நேரம் பாத்து ஜீப்பு ஒரு எறக்கத்துல பக்கவாட்ல வழுக்கி, கதவுக்குக் கீழ பாற இடிச்சுது. அடித் தகடு உள்ள போயி எடது கதவு தெறக்கல. பாப்பாவ பாக்க வந்தவரு அந்தப் பக்கம் எறங்க முடியாம இந்தப் பக்கம் எறங்குனாரு. பூங்காவனம் ஜீப்ப ஒரு சுத்து சுத்திப் பாத்தா.

"கதவு தெறக்காத வண்டில எம் பேத்தி வராது"ன்னா. ஜீப்பப் பாத்துதான் சொன்னா, சம்பந்தியப் பாக்கல.

அவரு டீயக் குடிச்சிட்டுப் பூட்டாரு. மறுநா போன் பண்ணி, பள்ளிகொண்டால ஹஸன் பாய் வெல்டிங் பட்டறைக்கு என்னயும் வரச் சொன்னாரு.

பாய் தகட்டத் தட்டி எடுத்து கதவ சரி பண்ணிட்டாரு. ஆனா அடுத்த பாறைக்கு இன்னா பண்றது. ஆம்பூர்ல ஷூ கம்பெனில இருக்கற எங்க மாப்ள போன்ல ஒரு போட்டோ அனுப்புனாரு, பளபளன்னு ஒரு கால் வெக்கிற படி. அது கால் வெக்கத்தான் ஆவும், பாறைக்கு ஆவாதுன்னுட்டாரு பாய். வேணும்னா ராக் ஸ்லைடர் போடணுமாம். ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல, தடியா ஒரு பைப்பு. பாடில மாட்டக் கூடாது, வண்டியத் தாங்கற அடிச் சட்டம் இருக்குல்ல, அந்த சேஸ்ல மாட்டணும். பாறை வந்தா வண்டி வெயிட்ட பைப்பு வாங்கிக்கினு அது மேல சறுக்கிக்கினு பூடும், கதவுக்கு ஒண்ணும் ஆவாது.

கனகராஜ் எல்லாத்தயும் கேட்டுட்டு, "பைப்பு இருக்குது"ன்னாரு. ஜீப்பு பின்னாடி இருந்து ரெண்டு பைப்ப எறக்குனாரு. ஷாப்பு பைப்பு. பச்ச பெயிண்டு அடிச்சு நல்லாத்தான் இருந்துச்சு.

அதுல இன்னா தண்ணி போச்சுன்னு கேட்டேன்.

"தண்ணின்னா தண்ணிதான் சம்பந்தி."

"உப்புத் தோல் ஊற வெச்ச தண்ணியா?"

அவரு பாயப் பாத்து, அறுக்கச் சொன்னாரு. எனக்கு உள்ள ரெண்டு நெனப்பு ஓடுச்சு. வேல நின்னா பாப்பா ஆவணி வரிக்கும் எங்கிட்டயே இருக்கும். ஆனா அந்தப் பைப்ப நம்பித்தான் அது மலை ஏறப் போவுது. அதனால உள்ளயும் பாத்துடு பாய்னு சொன்னேன்.

பாய் அறுத்தாரு. உள்ள இருந்து வெள்ளையா உப்பும் செவப்பா துருவும் பொலபொலன்னு கொட்டுச்சு. பாய் வெரலால அழுத்துனாரு, வெரல் உள்ள போச்சு.

"அண்ணா, இது பைப்பு இல்ல. பெயிண்டு."

கனகராஜ் இன்னொரு பைப்பக் காட்டுனாரு. அதுவும் அப்டித்தான். அவரு ஸ்டூல்ல உக்காந்துக்கினு, "அப்ப எங்க ஊட்டு ஜன்னலும் இப்டித்தான் இருக்குமா"ன்னு கேட்டாரு.

"ஜன்னல் மேல யாரு ஜீப்பு ஏத்தப் போறாங்க"ன்னாரு பாய்.

அன்னிக்கு வேலூர்ல இரும்புக் கடைக்கு நானும் கூடப் போனேன். பழசு இருக்குதான்னுதான் மொதல்ல கேட்டாரு. இல்லன்னாங்க. ஒவ்வொரு பைப்பயும் தட்டிப் பாத்தாரு, ஒரு கண்ண மூடிக்கினு உள்ள பாத்தாரு. கடசில ரெண்டு எடுத்து, கீறல் உழக் கூடாதுன்னு கோணி சுத்தி எடுத்தாந்தாரு. பாறைல தேய்க்கத்தான் வாங்கறோம்னு நான் சொல்லல.

பாய் மொதல்ல பேட்டரி வயரக் கழட்டுனாரு. பெட்ரோலு, பிரேக்கு பைப்பு போற எடத்த உட்டுத் தள்ளி, சேஸ்ல தகடு வெச்சு, அது மேல குட்டையா இரும்புக் காலு ஒட்டி, அந்தக் காலு நுனில பைப்ப ஒட்டுனாரு. கொஞ்சம் வெளிய நீட்டி உடுன்னாரு கனகராஜ், ஊர்ல ஆயாங்க கால் வெச்சு ஏறட்டும்னு. முடிஞ்சதும் பைப்புக்கு அடில ஜாக்கி வெச்சுத் தூக்குனாங்க. ஒரு பக்கம் ஜீப்பே மேல வந்துச்சு. கதவு அப்பயும் தெறந்துச்சு.

ஆனி கடசி நாளு ஜீப்பு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. பூங்காவனம் எடது கதவத் தெறந்தா, மூடுனா, மறுபடி தெறந்தா. நல்லாருக்குன்னு சொல்லல. உள்ள போயி பாப்பா துணியப் பைல வெச்சா. நாங்க ரெண்டு பேரும் கூடவே ஏறிக்கினோம்.

மலைல முன்ன பாற இடிச்ச எடம் வந்துச்சு. கனகராஜ் மெதுவா ஓட்டுனாரு. ஜீப்பு வழுக்குச்சு, கீழ கிர்ருன்னு நீளமா ஒரு சத்தம். அப்டியே தாண்டிப் போச்சு. பாப்பா முழிக்கல. ஊட்டுக்கு முன்னாடி நிறுத்தி எடது கதவத் தெறந்து, பூங்குழலியயும் பாப்பாவயும் எறக்கி உட்டாரு. அப்புறம் குனிஞ்சு பைப்பப் பாத்தாரு. பாய் அடிச்ச பெயிண்டு போயி, நீளமா கீறல்.

"இப்பதான் நம்ம வண்டி மாரி இருக்குது"ன்னாரு.

மறுநா ஆடி பொறந்துச்சு. பூங்காவனம் காலைலயே மலை எறங்கி பஸ் புடிக்கப் பூட்டா. நான் கெளம்பல. கனகராஜ் டீ கொண்டாந்து குடுத்தாரு.

"ஆடில கொழந்தயத்தான் அனுப்ப மாட்டாங்க சம்பந்தி. தாத்தாவ அனுப்பலாம்."

"எதுக்கு வம்பு"ன்னேன்.

பாப்பா கொட்டாவி உட்டுச்சு. ரெண்டு பேரும் பாத்தோம்.