செத்தவனைச் செத்தான் என்றவர்

தணிகாசலம் அண்ணன் இறந்துவிட்டார் என்ற சேதியை ஏம்பலத்திலிருந்து அவர் மருமகன் சைக்கிளில் வந்து சொன்னபோது, நான் பாகூர் சினிமாக் கொட்டகையில் படப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அப்படியே மூடிவிட்டுக் கிளம்பினேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்நிய மொழிப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொன்னவர் அவர். நான் மெஷின் ஓட்டுபவன். ஊமைப்பட நாளிலிருந்தே ஒன்றாக உழைத்தோம். எந்த நாட்டுக் கதாநாயகனுக்கும் முருகேசன் என்று பெயர் வைத்துவிடுவார். "பேரு வாய்ல நொழையணும்பா, அப்பத்தான் அழுவாங்க" என்பார்.

எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம்; போர் நடந்தபோது ஒரு ரஷ்யப் படம் வந்தது. பனிக்காட்டில் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் எதிரியின் ரயில் பாலத்துக்கு வெடி வைக்கிற கதை. பாலம் உடைகிறது, திரியைக் கொளுத்திய பையன் தப்பவில்லை. அவன் தாய் வாசலில் நிற்பதோடு படம் முடியும். பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் தரகர் ஒருவர், எங்கள் முதலாளிக்கு வேண்டியவர், ஆட்டம் முடிந்ததும் வாலிபர்களைச் சேர்க்க வாசலில் மேசை போட்டார். பையன் செத்தால் எவன் சேருவான்? அவன் ஆற்றில் நீந்தித் தப்பி, மெடலோடு வீடு திரும்பினான் என்று சொல்லும்படி அண்ணனுக்கு முதலாளியின் உத்தரவு.

பாலம் வெடித்தது. அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "முருகேசன் செத்துட்டான். அவன் ஆத்தா வாசல்ல நிக்கிறா. அவன் இனிமே வூட்டுக்கு வரமாட்டான்."

பெண்கள் பக்கம் ஒரே அழுகை. மேசைப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

முதலாளி அவர் சட்டையைப் பிடித்தார். "இன்னாடா, சொன்னத சொல்லமாட்டியா?"

"பேர மாத்துவேன் மொதலாளி. செத்தவன செத்துட்டான்னுதான் சொல்லுவேன். பெத்தவங்க ஒக்காந்து பாக்குறாங்க."

அதோடு வேலை போயிற்று. முதலாளிக்குப் பயந்து வேறு கொட்டகையும் அவரைச் சேர்க்கவில்லை. கடைசிவரை கரும்பு வெட்டினார். மன்னிப்புக் கேட்டால் முதலாளி சேர்த்துக்கொள்வார் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாவுக்கு முதலாளியும் தரகரும் மாலையோடு வந்தார்கள். என்ன முகமோ இவர்களுக்கு! முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தணிகாசலம் சாவல. நம்ம கொட்டகையில எப்பவும் வாழ்ந்துக்கினு இருக்கான்" என்றார். கூட்டம் தலையாட்டியது. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. பிணத்தை வைத்துக்கொண்டும் அதே பொய்.

நான் பாடைக்குப் பக்கத்தில் போய் நின்று உரக்கச் சொன்னேன்: "அண்ணன் செத்துட்டாரு. அவரு சம்சாரம் வாசல்ல நிக்கிறாங்க. அவரு இனிமே வூட்டுக்கு வரமாட்டாரு."

போய் வாருங்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். உங்களிடம் நான் அப்படிச் சொல்லமாட்டேன். போங்கள், அண்ணே.