எரியாத ஆசிட்

என் வீட்டுக்காரருக்கு வலியே தெரியாது என்று கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மிக்குழவி காலில் விழுந்தாலும் "ஒண்ணுமில்ல" என்பார். சொத்தைப்பல்லால் கன்னம் பன்னாய் வீங்கிக் கிடந்தபோதும் அதே "ஒண்ணுமில்ல"தான். நான் கொசு கடித்தாலே தெருவுக்குச் சொல்கிறவள். எனக்கு அது பெரிய வீரமாகத் தெரிந்தது.

கொஞ்ச நாளில் குட்டு வெளிப்பட்டது. அவர் முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது. எங்கே வலித்தாலும் அவருடைய கால் கட்டைவிரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். ரப்பர் செருப்பைக் கவ்விப் பிடிப்பதுபோல் மடங்கும். இது அவருக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை. புருஷனைப் பற்றி ஒரு ரகசியமாவது நம் கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர் அவர். முதலில் சுண்ணாம்புத் தொட்டி, பிறகு டிரம். தோல் சுழலும் டிரம்முக்குள் ஆசிட் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரில் விரலை நனைத்தே ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவார். "ஆசிட்டுன்னா கையில பட்டதும் பேசணும். பேசலன்னா அது வெறும் தண்ணி" என்பது அவர் வேதம். அங்கே தோலை ஊறவைத்துப் பதனிடும் ஈர வேலையை நிறுத்தியதும் ஆட்களையும் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய்தான் கூப்பிட்டு, கண்ணாடியில் பூ வேலை செய்யச் சொன்னார். கடைக்குப் பின்னாலேயே இடமும் கொடுத்தார்.

வேலையை நாங்கள் இரண்டு பேரும் பிரித்துக்கொண்டோம். கம்ப்யூட்டரில் கொடி, மயில், குத்துவிளக்கு, பிறை என்று வரைந்து ஸ்டிக்கர் வெட்டுவது நான். அதைக் கண்ணாடியில் ஒட்டி, பனிபோல் வெளுக்க வேண்டிய இடத்தை மட்டும் உரித்து, அங்கே ஆசிட் பேஸ்ட்டைத் தடவுவது அவர். பிறகு வழித்தெடுத்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவார். கழுவியதும் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வேலை கெட்டுப்போய்விட்டது என்று முதல் தடவை அழவே ஆரம்பித்துவிட்டேன். ஈரம் காயக் காயத்தான் கொடி மெல்ல வெளுத்து எழும்பும். பாலாடை மாதிரி ஒரு வெள்ளை. ஆசிட் இல்லாமல் மெஷினால் மணலைப் பீய்ச்சி அடித்துச் செய்தால் இந்த வழவழப்பு வராது என்பார். அது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குக் காலையில் ஒரு கல்யாண வீட்டுக்கான தடுப்புக் கண்ணாடிகள் இருந்தன. திராட்சைக் கொடி, நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்தது. ரப்பர் கையுறைக்குள் விரல் நனைந்ததை அவர் கவனித்திருக்கிறார். வியர்வை என்று நினைத்தாராம். பிறகு பிசுபிசுப்பாக இருந்ததும் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஆள்காட்டி விரல் நுனியில் கையுறையில் ஒரு பொத்தல், ஊசி போகிற அளவு. விரல் எரியவில்லை. ஆசிட் பேசவில்லையே, அப்படியானால் தண்ணீர்தான். லுங்கியில் துடைத்துக்கொண்டு அடுத்த கண்ணாடிக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைப் பிசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

குனிந்து காலைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் தரையைப் பிறாண்டுவதுபோல் மடங்கியிருந்தன. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் விரலில் காயமே இல்லை. நகத்தடி மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். நான் தொட்டதும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. பொத்தல் கதை அப்போதுதான் வெளியே வந்தது. குழாயைத் திறந்து விரலை அதன் கீழே பிடித்துக்கொண்டு பாயைக் கூவிக் கூப்பிட்டேன்.

பாய் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்தார். "பேஜார் பண்ணிக்காதம்மா, வண்டில ஏறுங்க. அந்த பேஸ்ட் டப்பாவையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கோ, டாக்டர் கேப்பாங்க" என்றார். வேலூர் வரைக்கும் ஹைவேயில் அவர் ஓட்டிய ஓட்டத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாலாவது கண்ணாடி பாக்கி இருப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். சின்ன வயதுதான். டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்ததுமே ஓட ஆரம்பித்தார். ஏதோ களிம்பை விரலில் கொட்டித் தேய்த்தார். பிறகு விரலிலேயே ஊசி.

"இது மேல் தோலை எரிக்கிற ஆசிட் இல்லை. சத்தமில்லாம உள்ள போயி, எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தைப் பிடிக்கும். அதான் லேட்டா வலிக்குது" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் குனிந்து அழுத்தமாகச் சொன்னார்: "மரத்துப்போற மருந்து போடமாட்டேன். வலி நிக்கிறதை வச்சுதான் ஆசிட் அடங்கிச்சான்னு எனக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி சொல்லணும். நீங்க தப்பாச் சொன்னா விரல் போயிடும்."

இதை வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். போயும் போயும் இந்த மனிதரிடமா?

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வந்து கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"கொறஞ்சிடுச்சிங்க."

"நல்லா?"

"சுத்தமா இல்லீங்க. வீட்டுக்குப் போலாங்களா?"

முகத்தில் சிரிப்பு வேறு. டாக்டர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதங்களைப் பார்த்தேன். விரல்கள் உள்ளங்காலைத் தொட்டுவிடும்போல் மடங்கி, வெளுத்துப் போயிருந்தன.

"பொய் சொல்றாரு டாக்டர்!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னை முறைத்த முறைப்பில் கண்ணாடியே விரிசல் விட்டிருக்கும்.

"இன்னா, உனுக்குப் பைத்தியமா?"

"எனுக்கா பைத்தியம்? உன் கால பாருய்யா! வலிச்சா உன் கட்டவெரலு மடங்கும், இத்தினி வருசமா பாத்துனுகீறேன். டாக்டர், அவரு வாயக் கேக்காதீங்க, கால பாருங்க."

டாக்டர் கால்மாட்டுக்கு வந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் தன் கால்களை வேறு யாருடையவோ போலப் பார்த்தார்.

"எரியுதுங்க" என்றார். பிறகு, "உள்ள எரியுது. தாங்க முடியல."

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு இரக்கம் வந்ததென்று சொன்னால் அது பொய். அடிக்கத்தான் கை வந்தது. ஒரு சொல்லை விழுங்குவதற்காக விரலையே கொடுக்கப் பார்த்தாரே என்ற கோபம். மறுபடியும் ஊசி, மறுபடியும் களிம்பு. கட்டிலின் கால்மாட்டில் நின்று அந்தக் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து முதலில் இடது கால் விரல் நிமிர்ந்தது, அப்புறம் வலது கால். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

விரல் தப்பியது. நகம் போனது, நுனி கொஞ்சம் சூம்பிவிட்டது, அந்த இடத்தில் சூடும் குளிரும் தெரிவதில்லை.

நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள். என் மாடு காயம் ஆறியதும் மறுபடியும் அதே டப்பாவைத் திறந்தது. மணல் அடிக்கிற மெஷினுக்குப் போகலாம் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், பட்டினி கூடக் கிடந்தேன். "அந்த வழவழப்பு வராது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. என்னால் முடிந்தது, தினமும் காலையில் கையுறைக்குள் தண்ணீர் பிடித்து, முறுக்கிப் பிழிந்து, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான். டாக்டர் கொடுத்த களிம்பு ட்யூப் ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செருப்போடு ஆசிட் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஆம்பூர்ல இருந்துக்கினு காலுக்கு ஷூ இல்லன்னா சிரிப்பாங்க" என்று பாய் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். கறுப்புத் தோல், தடித்த அடி, முன்பக்கம் இறுக்கமான கயிறு. நான்தான் சந்தோஷமாக முதல் நாள் மாட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவருடைய உடம்பில் உண்மை பேசுகிற ஒரே இடத்தை என் கையாலேயே மூடிவிட்டேன்.

போன வாரம் ஒரு குளியலறைக் கதவுக்கு மீன் வேலை. பேஸ்ட்டை வழித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. இடுப்பு புடிச்சிக்கிச்சி."

முகம் எப்போதும்போல்தான் இருந்தது.

"ஷூவக் கழட்டிட்டுச் சொல்லு."

சிரித்தார். ஆனால் குனியவில்லை. நானே தரையில் உட்கார்ந்தேன். கயிற்று முடிச்சு இறுகியிருந்தது, அவிழவே மாட்டேன் என்றது. கத்தரிக்கோலால் வெட்டி ஷூவை உருவினேன். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது.

"பாய்!" என்று கத்தினேன். "வண்டிய எடுங்க!"