தாரைக்கு வந்த உருமி

‘ஜெட்’ என்பதற்குத் தமிழில் ‘தாரை’ என்று எடுத்துக் கொடுத்தவன் நான்தான். என் மனைவி கருந்துளைகளை ஆராய்பவள். ஆங்கிலத்திலும் மலாயிலும் மூச்சு விடாமல் பேசுவாள். தமிழில் பேசும்படி மூவார் வாசகர் மன்றம் கேட்டதும் வீட்டிலிருக்கும் கவிஞனைத் தேடி வந்தாள். இருபது வருடத் தாம்பத்தியத்தில் என் தொழிலுக்கு ஒரு பயன் இருப்பதை அவள் கண்டுகொண்டது அன்றைக்குத்தான். நல்ல தமிழ்ச் சொல், அகராதியிலும் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் மன்றம் அல்ல. குளிர் நாடொன்றில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. மூவாரில் தனியாக இருக்கும் அவளுடைய அப்பா, என் மாமா, “வேணாம்மா” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சரி என்று சொல்லாமல் அவளால் விமானம் ஏற முடியாது. தான் எதைத் தேடிப் போகிறாள் என்பதை அவர் ஒருமுறை தமிழில் காதால் கேட்டுவிட்டால் போதும் என்று நம்பினாள்.

நாங்கள் குடியிருக்கும் பொந்தியானிலிருந்து மூவாருக்குக் காரில் போய் இறங்கினோம். மண்டப வாசலில் பெரிய பதாகை: ‘கருந்துளையின் தாரை’. மன்றத் தலைவர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

“மன்னிச்சிக்கோங்க டீச்சர். தாரை ஊத ஜொகூர் பூரா ஆள் தேடிட்டோம், கெடைக்கல லா. உருமி மேளம்தான் கெடச்சிச்சு. பரவால்லயா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“தாரைன்னா ஜெட்டுங்க. பீச்சி அடிக்கிறது,” என்றாள்.

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தார். “அப்ப தப்பட்டயும் வேணாமா?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “உருமி டீம் சாப்ட்டாச்சு டீச்சர். இனிமே திருப்பி அனுப்ப முடியாது.”

மன்றக் கூட்டங்களில் வழக்கமாக நாற்காலிகள்தான் பேச்சைக் கேட்கும். அன்று உட்கார இடமில்லை. உருமியின் புண்ணியத்தில் விண்ணியற்பியலுக்குக் கூட்டம் சேர்ந்தது. சுவர் அதிர ஒரு சுற்று அடித்து முடித்தார்கள். அதன் பிறகு அவள் எழுந்தாள். முன்வரிசையில் மாமா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கருந்துளை எதையும் துப்புவதில்லை என்று தொடங்கினாள். உள்ளே விழுந்தது விழுந்ததுதான், ஒளிகூடத் திரும்பாது. சில விண்மீன் திரள்களின் நடுவே, கோடிச் சூரியன்களின் எடையோடு உட்கார்ந்திருக்கும் கருந்துளையைச் சுற்றி வாயு ஒரு தட்டாகச் சுழல்கிறது, உரசிக் கொதிக்கிறது, காந்தப்புலத்தையும் கூடவே இழுத்து வருகிறது. கருந்துளையும் சுழல்வதால் அந்தப் புலக்கோடுகள் முறுக்கிக்கொள்கின்றன.

“ஊஞ்சல்ல ஒக்காந்துக்கிட்டு சுத்துனா சங்கிலி முறுக்கிக்கிட்டே மேல ஏறும்ல? அந்த மாதிரி.”

ஏறிய முறுக்கு, விழப் போன வாயுவில் கொஞ்சத்தை அச்சின் இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளுகிறது, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில். திரளையே தாண்டிப் பாய்கிறது அந்தத் தாரை. அதற்கான பலம் கருந்துளையின் சுழற்சியிலிருந்தே கறக்கப்படுகிறது என்றாள். ‘கறக்கப்படுகிறது’ நான் கொடுத்த சொல் அல்ல. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

உருமிக்காரர் கையைத் தூக்கினார். “சத்தம் கேக்குமா டீச்சர்?”

“அங்க காத்து இல்லீங்களே. நம்ம காதுக்குக் கேக்காது.”

“அப்ப எங்கள கூப்ட்டது சரிதான்.”

சிரிப்பு அடங்கியதும் மாமா எழுந்தார். “எது உள்ள போவணும், எது வெளிய ஓடணும்னு எதும்மா முடிவு பண்ணுது?”

அவள் தாளைப் புரட்டவில்லை. “அது இன்னும் சரியா தெரியலப்பா. மண்டய ஒடச்சிக்கிட்டு இருக்காங்க.”

“ஒனக்கும் தெரியாதா?”

“தெரியாதுப்பா.”

அவர் மறுபடி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். அப்பாவிடம் ‘சரி’ வாங்க வந்த இடத்தில், எனக்குத் தெரியாது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிற ஒரே தமிழச்சி என் மனைவியாகத்தான் இருப்பாள்.

மாமாவை வீட்டில் விடப் போகும்போது கார் ஆற்றுப் பாலத்தில் ஏறியது.

“யாருக்கும் தெரியலன்னு சொன்னியே, நெசமாவா?” என்றார் பின்னிருக்கையிலிருந்து.

“நெசம்தான்பா.”

“நீ அங்க போயி, எல்லாருக்கும் தெரிஞ்சதத்தான் படிக்கப் போறேன்னு நெனச்சேன். அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? தெரியாததுன்னா போய்ட்டு வா.”

அவள் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். கவிஞனும் கலங்கக்கூடிய இடம்தான்.

“எனக்குத் தொணைக்கு மாப்ள இருக்காரு,” என்று அவரே தொடர்ந்தார். “அவருக்கு வீட்லதான வேல. சாமானெல்லாம் எடுத்துட்டு இங்கயே வந்துரட்டும்.”

“நல்ல யோசனப்பா,” என்றாள் என் மனைவி.

மாமா வீட்டுக்குப் போகும் வளைவு வந்தது. என்னை யாரும் எதுவும் கேட்காததால் காரை அந்தப் பக்கமே திருப்பினேன்.